ஏழாம் நம்பர் துப்பாக்கி

மணி ஒன்று இருபது. நான்கு மணிக்கு விசாரணைக் குழு கூடும். மூன்று அதிகாரிகள் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடுவார்கள். தம்பியை வேனில் ஏற்றி ராணுவக் கோர்ட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். படைக்குள் சக ஆளைச் சுட்டுக் கொன்றவனுக்கு அங்கே ஒரே தண்டனைதான், தூக்கு.

தம்பி என்று நான் சொல்வது எங்களைத் தேடி வந்த கட்சிக்காரரின் தம்பியை. அக்கா பஸ் கண்டக்டர். துறைமுகக் காவல் படையின் வரவேற்பறை பெஞ்சில், தோளில் டிக்கெட் பையோடு, பாதி டூட்டியில் இறங்கி வந்த கோலத்தில் உட்கார்ந்திருந்தார். அழுது முடித்துவிட்ட முகம். அழுகிறவர்களைச் சமாளித்துவிடலாம். அழுது முடித்தவர்களைப் பார்க்கத்தான் எனக்குத் தைரியம் கிடையாது.

"மேடம், அவன் செய்யல."

"எப்படிச் சொல்றீங்க?" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

"நான் தூக்கி வளர்த்தவன் மேடம். எனக்குத் தெரியாதா?"

"அத குழு ஏத்துக்காதும்மா. வேற ஏதாவது?"

அக்காவிடம் வேறு எதுவும் இல்லை. எங்களிடமும் இல்லை.

இன்ஸ்பெக்டரம்மா போலீஸ் வேலையை விட்டுத் தனியாகத் துப்பறிய ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகிறது. வேலை போனதே தவிர பட்டம் போகவில்லை. நான் அவருடைய உதவியாளன். எனக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. என் சுற்றளவைப் பார்த்து அவர் வைத்த 'உருண்டை'க்கு முன்னால் அது எடுபடவில்லை. அன்றைக்கு இந்த உருண்டையின் வலது கன்னம் இன்னும் கொஞ்சம் உருண்டு போயிருந்தது. கடைவாய்ப் பல்லில் உயிர் போகிற வலி. உப்புத் தண்ணீர், கிராம்புத் தைலம், தெரிந்த கெட்ட வார்த்தைகள் என்று எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். நேற்றுக் காலை பத்து மணிக்கு ஆயுதக் கிடங்கில் துப்பாக்கி மெக்கானிக் ஒரே குண்டில் செத்துக் கிடந்தார். பக்கத்தில் ஏழாம் நம்பர் துப்பாக்கி, ஒரு கம்பெனி சோதித்துப் பார்க்கக் கொடுத்திருந்த பன்னிரண்டு புதுத் துப்பாக்கிகளில் ஒன்று. அது தம்பிக்கு ஒதுக்கப்பட்டது. அதில், எல்லாத் துப்பாக்கியையும் தொடுகிற மெக்கானிக்கின் ரேகையைத் தவிர, தம்பியின் கைரேகை மட்டும். முந்தின நாள் சாயங்காலம் இருவரும் சத்தம் போட்டுக்கொண்டதை நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். சுடப்பட்ட நேரத்தில் தம்பி கழிவறையில் இருந்தானாம். அதற்குச் சாட்சி சொல்லக் குழாய்க்கு வாய் இல்லை.

"எதுக்கு சண்டைன்னு கேட்டீங்களா?"

"வாயத் திறக்க மாட்டேங்கிறான் மேடம். என்னைப் பாத்தா தலையக் குனிஞ்சுக்கிறான். தப்பு செஞ்சவன் மாதிரியே குனியறான்." அக்கா டிக்கெட் பையின் வாரைப் பிடித்துக்கொண்டார். "பயமா இருக்கு மேடம்."

எனக்கும் பயமாக இருந்தது. நான்கு மணி என்பது அந்த அறையில் நாலாவது ஆளாக வந்து உட்கார்ந்திருந்தது.

"கடைசியா ஒண்ணு. உங்க தம்பி எந்தக் கையில சுடுவார்?" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

"இடது கை மேடம். சின்ன வயசுல மாத்தப் பாத்தேன். சாப்பிடறப்ப, எழுதறப்ப எல்லாம் அந்தக் கையத் துணியால கட்டிப் போட்டிருக்கேன். ராத்திரி அவுத்து விட்டா சிவந்து போயிருக்கும்." தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "பாவி நான்."

இன்ஸ்பெக்டரம்மா ஏற்கெனவே எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் பல்லையும் தொந்தியையும் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

சுடு களம் கிடங்குகளுக்குப் பின்னால், கடலைப் பார்த்த மண்மேட்டருகில் இருந்தது. படையில் எல்லோரும் வாத்தியார் என்று கூப்பிடும் பயிற்சி அதிகாரி அங்கே தனியாக ஒரு மேசை முன் உட்கார்ந்திருந்தார். கட்டுமஸ்தான ஆள். வலது கன்னத்தை மூடி ஒரு வெள்ளைத் துணியைத் தலையோடு சேர்த்துக் கட்டியிருந்தார்.

"பல்வலிங்க. நேத்துலேருந்து," என்றார்.

"வாங்க சார், நம்ம கட்சி!" என்று நான் கையை நீட்டினேன். உலகத்தில் என்னைப் புரிந்துகொள்ள ஒரு ஜீவன் கிடைத்த சந்தோஷம். "தைலம் இருக்கு, தரட்டுமா?"

"வேணாம், வேணாம். தானா சரியாயிடும்."

மேசையில் தேநீரும் ஒரு தட்டு கெட்டி ரஸ்க்கும் இருந்தன. எங்களுக்கும் நீட்டினார். நான் ரஸ்க்கைப் பார்த்தே பயந்து கும்பிடு போட்டேன்.

"புதுத் துப்பாக்கியப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "எனக்குப் பழசுதான் பழக்கம்."

கேட்க வேண்டியதுதான் தாமதம், வாத்தியார் இரண்டு துப்பாக்கிகளைத் தூக்கி மேசையில் போட்டார். ஒன்று வழக்கமான நீளத் துப்பாக்கி. மற்றது அதில் முக்கால் நீளம்கூட இருக்காது, யாரோ பின்பக்கத்தை வெட்டி எறிந்த மாதிரி.

"இதுக்குப் பேரு புல்பப். பழசுல ட்ரிகருக்கு முன்னால குண்டு போடற மேகசீன், பின்னால வெறும் கட்டை. அந்தக் கட்டை தோள்ல முட்டுக் குடுக்கறதத் தவிர என்ன வேலை செய்யுது? தண்டச்சோறு. புல்பப்ல மேகசீன், இயந்திரம் எல்லாத்தையும் ட்ரிகருக்குப் பின்னால, அந்தக் கட்டைக்குள்ளயே வெச்சுட்டான். பேரல் நீளம் குறையல, குண்டோட வேகம் குறையல, மொத்தத் துப்பாக்கி மட்டும் குட்டை. எங்க ஆளுங்க படகுலயும் வேன்லயும் போறவங்க. பழசத் தூக்கிக்கிட்டு வேன் கதவுல இறங்கறதுக்குள்ள திருடன் வீட்டுக்குப் போய்த் தூங்கிடுவான்."

"அப்ப குறையே இல்லையா?"

"எதுலதான் இல்ல?" ஒரு ரஸ்க்கை வாயில் போட்டு வலது பக்கம் ஒதுக்கிக் கடக் என்று கடித்தார். எனக்கு வயிறு எரிந்தது. கொடுத்துவைத்த பல்வலி! "ட்ரிகர் ஒரு இடம், இயந்திரம் ஒரு இடம். நடுவுல ஒரு நீளக் கம்பிதான் இழுக்குது. அதனால கொஞ்சம் கொழகொழன்னு இருக்கும். மேகசீன் அக்குள் கிட்ட வர்றதால பாக்காம மாத்தக் கை பழகணும். எடை பின்னால நிக்கும். பழகினா எல்லாம் சரியாயிடும்."

"இடது கைக்காரங்களுக்கு?"

வாத்தியார் மென்று முடிக்கச் சற்று நேரம் எடுத்துக்கொண்டார். "அவங்களுக்குக் கஷ்டம்தான். சுட்டதும் காலித் தோட்டா வலது பக்கமா வெளிய தெறிக்கும். பழசுல அந்த ஓட்டை முகத்துக்கு எவ்வளவோ முன்னால இருக்கு. இதுல கன்னத்துக்கு நேர் கீழ. இடது தோள்ல வெச்சா முகம் வலது பக்கம் வந்துடும். கொதிக்கிற பித்தளை மூஞ்சியிலயே அறையும்."

இன்ஸ்பெக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் பையிலிருந்து காகிதத்தை எடுத்தேன். நேற்றுப் பத்தே முக்காலுக்குத் தம்பியைச் சோதித்த டாக்டரின் சீட்டு. உடம்பில், முகத்தில் எங்கும் காயம் இல்லை.

"அப்ப அவன் சுடல!" என்று கத்திவிட்டேன். பல்வலிகூட ஒரு நிமிஷம் மறந்து போயிற்று.

வாத்தியார் தலையை மெதுவாக ஆட்டினார். உண்மையாகவே வருத்தப்படுகிறவர் போலத்தான் இருந்தார்.

"உங்க ஆசையக் கெடுக்கறேன்னு நெனைக்காதீங்க. ஏழாம் நம்பர இடது கைக்கு மாத்தி வெச்சிருக்கு. போல்ட்ட மாத்தி, வலது பக்க ஓட்டைய மூடி இடது பக்கத்தத் திறந்துட்டா, தோட்டா இடது பக்கமா போயிடும். இருக்கற பன்னண்டுல அது ஒண்ணுதான் அப்படி. வேணும்னா சீல உடைச்சுப் பாருங்க."

மணி இரண்டு பத்துக்கு டியூட்டி ஆபீசர் சீலை உடைத்தார். அவர் நியாயமான மனிதர், ஆனால் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்தே நியாயமாக இருந்தார்.

"நேத்துப் பத்து அஞ்சுக்கு நானே இத உறையில போட்டு சீல் வெச்சேன். பொணத்துக்கு முன்னாலயே. அதுக்கப்புறம் ரேகை எடுக்க மட்டும் என் முன்னால திறந்தாங்க, வேற யாரும் தொடல, பாக்கவும் இல்ல."

துப்பாக்கி வெளியே வந்தது. வலது பக்கம் கறுப்பு மூடி. இடது பக்கம் திறந்த ஓட்டை.

அந்த ஓட்டையைப் பார்த்தபடி நாங்கள் நின்றோம். பன்னிரண்டு துப்பாக்கியில் இடது கைக்கென்றே செய்த ஒன்று. படையில் இருப்பதோ ஒரே ஒரு இடது கைக்காரன். தம்பியைக் காப்பாற்ற வந்த நாங்களே அவன் கழுத்துக் கயிற்றுக்கு எண்ணெய் தடவிக் கொடுத்திருக்கிறோம் என்று தோன்றியது. எனக்கு எங்கேயாவது போய் உட்கார்ந்து அழவேண்டும் போல இருந்தது. பல்லுக்காக இல்லை.

தம்பியைக் கம்பிக்குப் பின்னால் பார்த்தோம். அக்காவையும் உள்ளே விட்டிருந்தார்கள். மாற்றிய விஷயம் வெளியே வந்துவிட்டது என்றதும் அவன் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இதத்தான் மேடம் சொல்லாம இருந்தேன். சொன்னா நான்தான்னு முடிவு பண்ணிடுவாங்கன்னு."

"முழுசாச் சொல்லு. எனக்கு நேரம் இல்ல."

"முத நாள் சுட்டுப் பாக்கறப்பவே கன்னத்துல பட்டுச்சு மேடம். நல்லவேளை, தழும்பாகல. வாத்தியார் கிட்ட சொன்னேன். வலது கையில சுடக் கத்துக்கோ, இல்லன்னா வேலைய விட்டுடுன்னாரு. மெக்கானிக் அண்ணன் கிட்டப் போய்க் கத்தினேன். அந்த ஆத்திரத்துலதான் சத்தம் போட்டேன். அவரும் திட்டினாரு. 'விக்கறவன் துப்பாக்கி, மாத்தக் கூடாதுன்னு ஆர்டர் இருக்குடா'ன்னாரு. அப்புறம் எல்லாரும் போனதும் கூப்பிட்டு, அவரே உக்காந்து மாத்திக் குடுத்தாரு. ஏழு மணிக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டான், இடது கையால். "யார் கிட்டயும் மூச்சு விடாதே, வாத்தியாருக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும்னாரு. இது வரைக்கும் எல்லாரும் என் கையத்தான் மாத்தச் சொன்னாங்க மேடம். துப்பாக்கிய மாத்தினவரு அவர் ஒருத்தர்தான். அவரப் போய் நான் சுடுவேனா?"

அக்கா கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டார். டிக்கெட் பை தோளிலிருந்து நழுவிச் சில்லறை தரையெல்லாம் ஓடியது. ஒருவரும் பொறுக்கவில்லை.

வெளியே வந்தோம். மணி இரண்டு ஐம்பது.

"அவன் சொல்றத நான் நம்பறேன் மேடம்," என்றேன். "ஆனா நாலு மணிக்கு நாம என்ன சொல்லப் போறோம்? நல்ல பையன், அழுதான்னா?"

அவர் கிடங்கில் எடுத்த புகைப்படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கிடங்கின் நடுவில் எண்ணெய் சிந்தியிருந்தது. சுட்டவன் நின்ற பூட்ஸ் தடம் அதில் அப்படியே பதிந்திருந்தது. பூட்ஸ் எல்லோருக்கும் படையே கொடுப்பது, அதனால் அதில் துப்பு இல்லை. தடத்துக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்தில், காலித் தோட்டா கிடந்தது.

"யோவ் உருண்டை, இந்தத் தோட்டா ஏன் இங்க கிடக்குது?"

"சுட்டா கீழதான் மேடம் விழும். மேல போக அதுக்கு றெக்கையா இருக்கு?"

இன்ஸ்பெக்டரம்மா திரும்பி விறுவிறுவென்று டியூட்டி ஆபீசரின் அறைக்கு நடந்தார். பத்து நிமிஷத்தில் ஏழாம் நம்பரைச் சுடு களத்தில் மணல் மூட்டைகளுக்கு நடுவே கட்டி, விசையில் கயிறு போட்டு, டியூட்டி ஆபீசரே இழுத்தார். வெடிச் சத்தத்தில் என் பல் தனியாக ஒரு முறை துள்ளியது. காலித் தோட்டா இடது பக்கம் பறந்து எட்டடி தள்ளி விழுந்தது. மறுபடி இழுத்தார். ஒன்பதடி.

"கிடங்குல இடது பக்கம் என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. பதினஞ்சு அடி வெட்டவெளி," என்றார் டியூட்டி ஆபீசர். சொல்லிவிட்டு அவரே புகைப்படத்தை இன்னொரு தடவை வாங்கிப் பார்த்தார்.

வாத்தியாரின் மேசை காலியாக இருந்தது. குழுவுக்கு முன்னால் சாட்சி சொல்ல உடை மாற்றப் போயிருந்தார். தட்டில் ரஸ்க் தூள் மட்டும் மீதி.

"நல்ல மனுஷன்தான்," என்றேன் எரிச்சலோடு. "ஆனா அவருக்கு வந்திருக்கறது பல்வலியே இல்ல மேடம். நான் தண்ணி குடிக்கவே இடது பக்கம் தலையச் சாய்ச்சுக் குடிக்கறேன். அந்தாளு வலிக்கிற பக்கத்துலயே ரஸ்க்கக் கடிக்கறாரு, கடக்குன்னு. அது பல்லா, கல்லுடைக்கிற மிஷினா?"

இன்ஸ்பெக்டரம்மா நின்றுவிட்டார். என் வீங்கிய கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தார். நான் அலறினேன்.

"உன் பல்லு நூறு வருஷம் நல்லா இருக்கணும்யா!" என்றார்.

நான்கு மணிக்கு மூன்று அதிகாரிகளும் வந்து உட்கார்ந்தார்கள். தலைவருக்கு எதிரே அந்தக் காகிதமும் மூடி கழற்றிய பேனாவும் இருந்தன. தம்பியை நிறுத்தியிருந்தார்கள். அக்கா பின் வரிசையில். வாத்தியார் புதுச் சட்டை, புதுத் துணிக்கட்டு. நேற்றுக் காலை தான் மெக்கானிக்கைப் பார்க்கவே இல்லை என்றும், ஏழாம் நம்பரை இடது கைக்காரனைத் தவிர வேறு யாரும் வசதியாகச் சுட முடியாது என்றும் அழுத்தமாகச் சாட்சி சொல்லி முடித்தார்.

தலைவர் பேனாவை எடுத்தார். "வேற யாராவது?"

"ரெண்டே கேள்வி ஐயா," என்று இன்ஸ்பெக்டரம்மா எழுந்தார். "வாத்தியார் சார், ஏழாம் நம்பர மாத்தினது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"முந்தின நாளே. மெக்கானிக் சொன்னாரு."

"முந்தின நாள் நீங்க கேட்டைத் தாண்டி வெளிய போனது சாயங்காலம் அஞ்சு மணி. திரும்பி வந்தது நேத்துக் காலை ஒன்பது ஐம்பது. கேட் நோட்டுல உங்க கையெழுத்து இருக்கு. மாத்தினது ஏழு மணிக்கு. பத்து அஞ்சுலேருந்து துப்பாக்கி சீல் உறைக்குள்ள. நடுவுல இருக்கறது பதினஞ்சே நிமிஷம். அந்தப் பதினஞ்சு நிமிஷத்துல அந்த ஆளு செத்துட்டாரு."

"அப்ப... நேத்துக் காலையில சொல்லியிருப்பாரு."

"அப்ப நேத்துக் காலையில அவர் கூட இருந்தீங்க. இவ்வளவு நேரம் இல்லன்னீங்களே."

தலைவரின் பேனா மேசைக்குத் திரும்பியது.

"சொன்னது யாருன்னு நானே சொல்றேன்," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "அந்தத் துப்பாக்கிதான் சொல்லுச்சு. பழி இந்தத் தம்பி மேல விழணும்னு கையுறை போட்டுக்கிட்டு அவனோடத எடுத்தீங்க. எல்லாரையும் மாதிரி வலது தோள்ல வெச்சீங்க. ஓட்டை உங்க கன்னத்துக்குக் கீழ இருக்கு, குறி பாக்கறப்ப கண்ணுக்குத் தெரியாது. நீங்களே எனக்குச் சொல்லிக் குடுத்த பாடம். வலது கைக்காரன் மூஞ்சி இருக்கறது இடது பக்கம். எட்டடி பறக்க வேண்டிய தோட்டா ஏன் காலடியில விழுந்துச்சு? வழியில எதையோ அறைஞ்சுட்டுதான் விழுந்துச்சு. ரெண்டாவது கேள்வி. அந்தத் துணிய அவுக்கறீங்களா?"

"பல்வலிக்குக் கட்டினது!"

"ஐயா, இங்க நிஜமான பல்வலிக்காரன் நான் ஒருத்தன்தான்," என்று நான் எழுந்தேன். "இவர் வலது பக்கத்துல ரஸ்க்கு கடிச்சத என் ரெண்டு கண்ணால பாத்தேன். நானா இருந்தா ஆஸ்பத்திரியில இருப்பேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. டியூட்டி ஆபீசர் வாத்தியாரின் பக்கத்தில் போய் நின்றார். துணி அவிழ்ந்தது.

வலது கன்ன எலும்பின் மேல் சிவந்து கன்றிய ஒரு பிறை. இன்ஸ்பெக்டரம்மா கிடங்கில் எடுத்த காலித் தோட்டாவின் வாயை அதன் அருகே பிடித்தார். அளவெடுத்துச் செய்தது போல இருந்தது.

பிறகு எல்லாம் தானாகக் கொட்டியது. துப்பாக்கி விற்கிற கம்பெனி வாத்தியாருக்கு வெளிநாட்டில் பெரிய பதவி தருவதாகச் சொல்லியிருந்தது. அதற்கு, குறையே இல்லை என்ற அறிக்கையில் மெக்கானிக்கின் கையெழுத்து வேண்டும். மெக்கானிக் தன் கையால் வேறு ஒன்றை எழுதி வைத்திருந்தார். படகுக்கும் வேனுக்கும் குட்டை நல்லது, வாங்கலாம். வாசலில் நிற்கிறவனுக்குப் பழைய நீளமே போதும். விசையைச் சரிசெய்து தரச் சொல்லுங்கள். இடது கைக்காரன் ஒருவன் இருந்தாலும் அவனுக்கு மாற்றித் தராமல் கையில் கொடுக்காதீர்கள். "மறைச்சு எழுத மாட்டேன்" என்றாராம். அதற்குத்தான் குண்டு. அந்தக் காகிதத்தை வாத்தியாரின் பெட்டியிலிருந்து எடுத்துத் தலைவர் உரக்கப் படித்தபோது கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை படித்தார்.

அவர் தன் எதிரே இருந்த காகிதத்தை இரண்டாகக் கிழித்தார். தம்பியின் விலங்கைக் கழற்றினார்கள்.

அக்கா மெதுவாக எழுந்து வந்தார். கட்டிப்பிடிப்பார், கதறுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் தம்பியின் இடது கையை மட்டும் எடுத்தார். விலங்கு அழுத்தி மணிக்கட்டு சிவந்திருந்தது. சிவந்த இடத்தை விரலால் தடவினார்.

"ரொம்ப வலிக்குதாடா?"

"இல்லக்கா."

"சின்ன வயசுலயும் இப்படித்தான் சொல்லுவே," என்று சொல்லி, அந்தக் கையைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார்.